ரெட்டினாய்டு கிரீம்: பருவுக்கு நல்ல மருந்து, அவசரத்துக்கு ஆகாத மருந்து

கோலாலம்பூரில் பார்மசி கவுன்டரில் பருவுக்கு மருந்து கேட்டு நிற்கும் நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பருவைப் பற்றிய புலம்பல் பாதிதான் இருக்கும். மீதி, பரு போன இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் கறுப்பைப் பற்றியது. பரு ஒரு வாரம் பத்து நாளில் அமுங்கிவிடும். கறை மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும். கல்யாண வீட்டில் ஓர் அத்தை, "என்னம்மா, முகமெல்லாம் இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டுவிட்டால் போதும். அந்த வாரமே முகத்தில் எதையாவது பூசத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த 'எதையாவது'தான் எனக்குக் கவலை. பருவுக்கு உலகம் முழுக்கச் சரும மருத்துவர்கள் முதலில் எழுதிக் கொடுக்கும் பூச்சு மருந்துகளில் ஒன்று ரெட்டினாய்டு. ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் டியூப்போடு வரும் சீட்டைப் பிரித்துப் பார்த்தால் தோல் சிவக்கும், உரியும், வெயில் ஆகாது, கர்ப்பிணிகள் பூசக்கூடாது என்று வரிசையாக எழுதியிருக்கும். படித்த கையோடு டியூப் அலமாரிக்குள் போய்விடும். அதே ஆள், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலோ கைப்பேசி விளம்பரத்திலோ வாங்கிய, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதாத டப்பாவைத் திறந்து காலையும் இரவும் பூசிக்கொள்வார். அப்படிப்பட்ட டப்பாக்களில் இதே ரெட்டினாய்டும் கூடவே வீக்கத்தை அமுக்கும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. சீட்டோடு வருவதைக் கண்டால் பயம், சீட்டே இல்லாததன்மேல் நம்பிக்கை. இது தலைகீழாக இருக்கிறது. இதை நேராக்க வேண்டுமென்றால் அந்த மருந்து என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பரு எங்கே தொடங்குகிறது

பரு என்றால் அழுக்கு என்று நினைத்து நாளுக்கு நாலைந்து முறை சோப்புப் போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. பரு தோலின் மேற்பரப்பில் தொடங்குவதில்லை, மயிர்க்காலுக்குள் தொடங்குகிறது. முகத்தில் இருக்கும் பூனைமுடியின் வேரோடு ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறும். ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெண்பிள்ளைகளுக்கும்தான். அப்போது அந்தச் சுரப்பி பெருத்துக் கூடுதலாக எண்ணெய் விடும். அதே நேரத்தில் துளையின் உள்சுவரில் இருக்கும் செல்கள் வழக்கம்போல் உதிர்ந்து வெளியே போகாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் செத்த செல்களும் சேர்ந்து ஓர் அடைப்பு உருவாகும்.

கண்ணுக்கே தெரியாத இந்த நுண்ணடைப்புதான் பருவின் விதை. அது வளர்ந்து, வாய் திறந்திருந்தால் பிளாக்ஹெட்; மூடியிருந்தால் வைட்ஹெட். பிளாக்ஹெட்டின் கறுப்பும் அழுக்கல்ல. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் காற்றுப் பட்டு நிறம் மாறிய கொழுப்பும்தான் அது, தேய்த்தால் போகாது. அடைப்புக்குள் காற்றில்லாத இடத்தில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது எல்லாருடைய தோலிலும் குடியிருப்பதுதான். உடல் அதை எதிர்க்கப் போய்ச் சிவப்பும் வீக்கமும் சீழும் வரும். நாம் 'பரு வந்துவிட்டது' என்று கண்ணாடியில் பார்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தை. உள்ளே வேலை தொடங்கிப் பல வாரம் ஆகியிருக்கும்.

பெருமழையில் லோங்காங் (வீட்டோரச் சாக்கடை) பொங்கி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபின் துடைப்பது ஒரு வேலை. லோங்காங்கில் குப்பை அடைக்காமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. கிளிண்டாமைசின் போன்ற ஆண்டிபயாட்டிக் பூச்சு செய்வது முதல் வேலையை. ரெட்டினாய்டின் முக்கிய வேலை இரண்டாவது. துளைச் சுவரின் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக உதிரும்படி செய்கிறது. இருக்கும் அடைப்பைத் தளர்த்துகிறது. வீக்கத்தைக் கிளப்பும் சில சமிக்ஞைகளையும் தணிக்கிறது. அதனால்தான் இதைப் பரு வந்த இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைத்தால் பலனில்லை. பரு வரக்கூடிய பகுதி முழுவதும் மெல்லிசாகப் பூச வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல், 'போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று கைவிட்டவர்கள் ஏராளம்.

எங்கிருந்து வந்தது

ரெட்டினாய்டுகள் வைட்டமின் ஏ குடும்பம். அதன் அமில வடிவத்தை, அதாவது ட்ரெட்டினோயினை, 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் குந்தர் ஸ்டூட்கன் தோல் நோய்களுக்குப் பூசிப் பார்த்தார். பருவுக்கு அது நன்றாக வேலை செய்கிறது என்று 1969இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடன் இருந்தவர்களும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1971இல் அங்கே மருந்தாக அங்கீகாரம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், செல்லின் உட்கருவில் இது எந்த ஏற்பியில், அதாவது எந்தப் புரதத்தில், போய்ப் பொருந்துகிறது என்பது 1987இல்தான் தெரிந்தது. பிரான்சில் பியர் ஷம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தன. அந்த ஏற்பியோடு சேர்ந்து எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதையே இந்த மருந்து மாற்றுகிறது. மேலே பூசும் கிரீம்தானே என்று அலட்சியமாக நினைப்பவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

இந்த வரலாற்றில் சொல்லாமல் விடக்கூடாத ஒரு பக்கமும் இருக்கிறது. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1950களிலிருந்து 1974 வரை கிளிக்மன் கைதிகள்மேல் பல சோதனைகள் நடத்தினார். பெரும்பாலும் கறுப்பின மக்கள். என்ன பூசப்படுகிறது, என்ன ஆகும் என்று சரியாகச் சொல்லி அவர்களிடம் சம்மதம் வாங்கவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2021இல் இதற்காக மன்னிப்புக் கேட்டது. கறுத்த தோலில் இவ்வளவு சோதனை செய்த சரும மருத்துவத் துறை, கறுத்த தோலுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்பதைத் தன் பாடநூல்களில் எழுத நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அந்தக் குறையை நம் முகங்களும் சுமக்கின்றன என்றுதான் நினைக்கிறேன்.

ட்ரெட்டினோயினுக்குப் பிறகு வந்தவற்றில் நமக்கு முக்கியமானது அடாபலீன். 1996இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. எல்லா ஏற்பிகளிலும் போய் முட்டாமல் சிலவற்றை மட்டும் பிடிப்பதால் எரிச்சல் குறைவு. 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லையும் 0.025 சதவீத ட்ரெட்டினோயின் ஜெல்லையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பரு குறைவது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. தோல் தாங்கிக்கொள்வது அடாபலீனில் நன்றாக இருந்தது. இன்னொரு வசதி: ட்ரெட்டினோயின் வெளிச்சம் பட்டால் சிதையும், பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் பூசினாலும் அதன் பழைய வகைகள் கெட்டுப்போகும். அடாபலீன் இரண்டுக்கும் அசையாது. அதனால்தான் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் ஒரே டியூப்பில் கலந்து வருகின்றன. 2016இல் அமெரிக்காவில் 0.1 சதவீத அடாபலீனை 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மருந்துச் சீட்டில்லாமலே வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். இதே குடும்பத்து டாசரோட்டின் இன்னும் வீரியமானது, எரிச்சலும் அதிகம். 2019இல் வந்த ட்ரைஃபரோட்டின் முதுகிலும் மார்பிலும் வரும் பருவுக்கும் சோதிக்கப்பட்டது.

கடைகளில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் ரெட்டினால் சீரம் வேறு. ரெட்டினால் தோலுக்குள் போய் இரண்டு படி மாறினால்தான் அமில வடிவத்துக்கு வரும். வழியில் பெரும்பகுதி வீரியம் போய்விடும். அது அழகுசாதனப் பொருள். கெடுதல் என்று சொல்லவில்லை, ஆனால் சீழ்ப்பருவோடு நிற்கும் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்துக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

நம் தோலும் நம் ஊர் வெயிலும்

மெலனின் உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை வெள்ளைத் தோலிலும் நம் தோலிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நம்முடையவை சுறுசுறுப்பானவை. தோலில் எங்கே வீக்கம் வந்தாலும், அது பருவோ கொசுக்கடியோ எண்ணெய் தெறித்த காயமோ, அவை கூடுதலாக நிறமியை விடும். அது மேல்தோலிலேயே நின்றால் சில மாதத்தில் மங்கும். கீழே இறங்கிவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும்.

ரெட்டினாய்டு மேல்தோல் செல்களின் சுழற்சியை வேகப்படுத்துவதால் இந்தக் கறையையும் மெல்ல மெல்லக் குறைக்கும். பருவுக்கும் கறைக்கும் ஒரே மருந்து என்பது நம்மைப் போன்ற தோலுக்கு இதன் பெரிய பலம். ஆனால் அளவு மீறிப் பூசித் தோல் எரிந்து, சிவந்து, உரிந்தால், அந்த எரிச்சலே ஒரு வீக்கம்தான். அதுவும் கறை போடும். வெள்ளைத் தோல்காரர் ஒருவர் வீரியமான ட்ரெட்டினோயினைத் தினமும் பூசி இரண்டு வாரம் முகம் உரிந்து பிறகு பளிச்சென்று வந்த காணொளியைப் பார்த்து, நாமும் அதையே செய்தால் நமக்குக் கிடைப்பது மூக்கோரத்திலும் வாயோரத்திலும் புதிய கறுப்பு. நம் தோலுக்கு மெதுவாகப் போவது பயந்தவர்களின் வழி அல்ல. அதுதான் சிகிச்சை.

மெதுவாக என்றால் எப்படி? முதல் இரண்டு மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு. தாங்கினால் ஒன்றுவிட்டு ஒரு நாள். அப்புறம்தான் தினமும். ஒன்றுவிட்டு ஒரு நாளிலேயே நின்றாலும் தவறில்லை. இரவில் மென்மையான ஃபேஸ் வாஷில் முகம் கழுவி, துண்டால் ஒற்றி, நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தோலில் மருந்து வேகமாக இறங்கி எரியும். விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு, முழு முகத்துக்கும் அவ்வளவுதான். அதை நெற்றியில் ஒரு புள்ளி, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, மோவாயில் ஒன்று என்று வைத்துப் பரப்புங்கள். கண்ணிமை, மூக்கு மடிப்பு, வாயோரம் வேண்டாம். மருந்து அந்த மடிப்புகளில் தேங்கும். முதலில் புண்ணாவதும் அங்கேதான். எரிச்சல் இருந்தால் மருந்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை மாய்ஸ்சரைசர் பூசலாம்.

இந்த மாய்ஸ்சரைசர் விஷயத்தில்தான் நம் ஊரில் நிறையப் பேர் முரண்டு பிடிக்கிறார்கள். "வெளியே கால் வைத்தாலே வியர்த்து ஊற்றுது, இதுல கிரீம் வேறயா?" சரி, வெளியே வியர்க்கிறது. ஆனால் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை ஏர்கோன் அலுவலகம், போகும்போது எல்ஆர்டி ரயிலில் ஏர்கோன், வீட்டுக்கு வந்தால் படுக்கையறையில் ஏர்கோன். அந்தக் காற்று வறண்டது. ரெட்டினாய்டு போட்ட தோலில் அது மதியத்துக்குள் இறுக்கிப் பிடிக்கும். முகம் எண்ணெய் வழிகிறது, ஆனால் கன்னம் செதில் செதிலாக உரிகிறது என்று குழம்புவார்கள். இரண்டும் ஒரே முகத்தில் வரலாம். எண்ணெய் இல்லாத, ஜெல் போன்ற மாய்ஸ்சரைசர் போதும்.

வெயில் இன்னும் முக்கியம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே, பினாங்கு ஐந்து பாகைதான். வானம் தெளிந்த நண்பகலில் புற ஊதாக் குறியீடு 10ஐத் தாண்டுவது வருடம் முழுக்கச் சாதாரணம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் இல்லாமல் ரெட்டினாய்டு தொடங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்னொன்றும் கவனியுங்கள். மாநிறத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறையைக் கருக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் தடுக்கும். வெள்ளை வெளேர் என்று சாம்பல் பூத்ததுபோல் முகத்தைக் காட்டும் தொல்லையும் அதில் இல்லை.

வீட்டு வைத்தியங்களை இந்த மாதங்களில் ஓரமாக வைத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு, பற்பசை, கரகரப்பான மஞ்சள் விழுது எல்லாம் ஏற்கெனவே மெல்லிய கவசத்தோடு இருக்கும் தோலை எரிக்கும். பார்லரில் மேலுதட்டு முடிக்கு வேக்ஸ் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த இடத்தில் ரெட்டினாய்டை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முடியோடு தோலும் வந்துவிடும். நூல் போடுவது அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் இரண்டு நாள் முன்பின் விடுவது நல்லது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பார்லர் நடத்தும் அக்காக்கள் நிறையப் பேருக்கு இது தெரியும். ஆனால் கிரீம் போடுகிறேன் என்று நாம் சொன்னால்தானே அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்?

முதல் மாதம்தான் கண்டம்

தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்குப் பரு கூடும். உள்ளே ஏற்கெனவே இருந்த அடைப்புகள் வேகமாக மேலே வருவதால் அப்படி ஆகிறது என்பது வழக்கமான விளக்கம். "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலை" என்று பலர் விட்டுவிடுவது இந்த வாரங்களில்தான். நுண்ணடைப்பு கண்ணுக்குத் தெரியும் பருவாக வளரவே பல வாரம் ஆகும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படியானால் அடைப்பைத் தடுக்கும் மருந்தின் பலன் தெரியவும் அவ்வளவு காலம் பிடிக்கும். எட்டு வாரத்தில் குறைவது தெரிய வேண்டும். பன்னிரண்டு வாரத்தில்தான் தீர்ப்புச் சொல்லலாம்.

இந்தக் கணக்குத் தெரியாமல் கல்யாணப் பெண்கள் படும் பாடு கொஞ்சமல்ல. தேதி குறித்து, மண்டபம் பிடித்து, சேலை எடுத்து, எல்லாம் முடித்துக் கடைசி மூன்று வாரத்தில் முகத்தைக் கவனிப்பார்கள். அந்த மூன்று வாரம்தான் ரெட்டினாய்டு போட்டால் முகம் மிக மோசமாக இருக்கும் காலம். நலங்கு வைக்கும் நாளில் உரியும் முகத்தில் சந்தனமும் மஞ்சளும் பட்டால் எரிச்சல் சொல்லி மாளாது. நான்கு மாதம் இருக்கிறதென்றால் தொடங்கலாம். மூன்று வாரம்தான் என்றால் தொடவே வேண்டாம்; மருத்துவரிடம் போனால் வேறு வழி சொல்வார்.

கல்யாணத்தோடு வரும் அடுத்த கேள்வி கர்ப்பம். இதில் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையையும் இந்தக் கிரீம்களையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மாத்திரை கருவைக் கடுமையாகப் பாதிக்கும். அதைச் சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் கருத்தரிக்கவே கூடாது. ஈரலுக்கும் கொழுப்புக்கும் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். கிரீமில் இரத்தத்துக்குப் போகும் அளவு மிகச் சொற்பம், ஈரல் பரிசோதனை எதுவும் வேண்டியதில்லை. ஆனாலும் தேவையில்லாத ஆபத்து எதற்கு என்று கர்ப்ப காலத்தில் எல்லா ரெட்டினாய்டு கிரீமையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். டாசரோட்டின் கண்டிப்பாகக் கூடாது. பிள்ளைக்குத் திட்டமிடும்போதே நிறுத்திவிடலாம். தெரியாமல் சில நாள் பூசிவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொன்னால் போதும். அந்தக் காலத்துக்கு அசெலாயிக் அமிலக் கிரீம் இருக்கிறது. பருவுக்கும் ஆகும், கறைக்கும் ஆகும்.

பெயரில்லாத டப்பா

இப்போது அந்த டப்பாவுக்கு வருவோம். மலேசியாவில் ட்ரெட்டினோயின் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து. அழகுசாதனப் பொருளில் அதைக் கலக்கக் கூடாது. ஆசியான் நாடுகளின் பொது விதியும் அதுவே. ஆனாலும் வெள்ளையாக்கும் கிரீம், 'நைட் கிரீம்', 'பரு கிரீம்' என்ற பெயரில் விற்கப்பட்ட பொருள்களில் ட்ரெட்டினோயின், ஹைட்ரோகுயினோன், பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு, சில சமயம் பாதரசம்கூட இருந்ததாக அமைச்சு அறிவித்து, அவற்றின் அனுமதியை ரத்து செய்வது அடிக்கடி நடக்கிறது.

இவை ஏன் இவ்வளவு விற்கின்றன? முதல் இரண்டு வாரம் அற்புதமாக வேலை செய்வதால்தான். ஸ்டீராய்டு வீக்கத்தை உடனே அமுக்கும், ட்ரெட்டினோயினின் எரிச்சலை மறைக்கும். ஹைட்ரோகுயினோன் நிறத்தைக் குறைக்கும். இந்த மூன்றையும் சேர்க்கும் யோசனை 1975இல் அதே கிளிக்மன் வெளியிட்ட கலவையிலிருந்து வந்ததுதான். மங்கு போன்ற கறைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் மட்டும் போட வேண்டியது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரியும். கன்னத்தில் முடி வளரும். ஸ்டீராய்டே ஒரே மாதிரிச் சின்னச் சின்னப் பருக்களை வாரி இறைக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரிந்து சிவக்கும். பயந்து மறுபடி பூசுவார்கள், அடங்கும். 'இந்த கிரீம் இல்லாமல் என்னால் இருக்க முடியாது' என்று கண் கலங்கிச் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேலி செய்யக் கூடாது. கறுப்பாக இருப்பது குறை என்று சின்ன வயதிலிருந்து அவர்கள் காதில் ஓதியவர்கள் நாம்தான். இப்படிப்பட்டவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தாமல் சரும மருத்துவரிடம் போக வேண்டும். படிப்படியாக இறக்கி விடுவார்.

வாங்கும் முன் பார்க்க ஒரு வழி உண்டு. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும், பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். அழகுசாதனப் பொருள் என்றால் 'என்ஓடி' என்று தொடங்கும் அறிவிப்பு எண். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பொருள் உண்மையா, ரத்தானதா என்று தெரியும். 'என்ஓடி' எண் இருந்தால் அரசாங்கம் சோதித்துச் சான்று கொடுத்துவிட்டது என்று பொருளல்ல. விற்பவர் தகவல் கொடுத்துப் பதிந்திருக்கிறார், அவ்வளவுதான். எண்ணே இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

எல்லாம் பரு அல்ல

நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரிக்கிறதா? நாள் முழுக்க ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோட்டாரில் ஓடி வியர்ப்பவர்களுக்கு, மயிர்க்காலில் பூஞ்சை பெருகி வரும் வகை இதுவாக இருக்கலாம். அதற்கு ரெட்டினாய்டு மருந்தல்ல, பூஞ்சை மருந்து வேண்டும். நெற்றி ஓரத்தில் மட்டும் வைட்ஹெட் வரிசையாக இருந்தால் தலைக்குத் தடவும் எண்ணெயைப் பாருங்கள். ராத்திரி தேங்காயெண்ணெய் வைத்துத் தலையணையில் புரளும் பிள்ளைகளுக்கு இது சகஜம். எண்ணெயைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து அலசினாலே பாதி அடங்கும். தாடையோரம் பெரிய பெரிய பருவாக வந்து, மாதவிலக்கும் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்குப் பரிசோதிக்க வேண்டும்.

ஆழமாகக் கட்டி கட்டியாக வலியோடு வந்தால், அல்லது பள்ளம் விழத் தொடங்கிவிட்டால், கிரீம் போட்டுப் பன்னிரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். விழுந்த பள்ளத்தை எந்தக் கிரீமும் நிரப்பாது. "வயசுக் கோளாறு, எஸ்பிஎம் பரீட்சை முடிஞ்சா சரியாப் போயிடும்" என்று பெற்றோர் தள்ளிப்போடும் இரண்டு வருடத்தில் வாழ்நாள் தழும்பு விழுந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை படமெடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதையாவது கவனியுங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். அங்கிருந்து கடிதம் வாங்கி அரசு மருத்துவமனைச் சரும நிபுணரிடம் போகலாம். போகும்போது இதுவரை முகத்தில் போட்டது அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மருத்துவர் ஆண்டிபயாட்டிக் பூச்சு எழுதினால் அதைத் தனியாக மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது, பாக்டீரியா பழகிக்கொள்ளும். பென்சாயில் பெராக்சைடு சேர்த்தால் அந்தப் பயம் குறைவு. அது துணியை வெளுக்கும், அதனால் வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள்ளுங்கள். ரெட்டினாய்டுக்கு இந்த எதிர்ப்புச் சிக்கல் இல்லை. பரு நின்றபின் ஆண்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு ரெட்டினாய்டை மட்டும் தொடரச் சொல்வது அதனால்தான். முகம் தெளிந்ததும் நிறுத்தினால் நுண்ணடைப்பு மறுபடி சேரும், சில மாதத்தில் பரு திரும்பும். வாரத்தில் இரண்டு மூன்று இரவு போட்டு வந்தால் பலருக்குப் போதும். "இவ்வளவு நாள் போட்டால் தோல் மெலிந்துவிடாதா?" என்று கேட்பார்கள். மெலிவது மேலே இருக்கும் செத்த அடுக்கு மட்டும். அதற்குக் கீழே உயிரோடு இருக்கும் அடுக்கு முன்பைவிடத் தடிக்கிறது. தோலை மெலிய வைப்பது ஸ்டீராய்டு.